நெடும்பாறை அனுப்பிய கண்கள்

நவம்பர் 15, 1999, திங்கள்

இந்த நோட்டைத் திறப்பவர்கள் கையைக் கழுவிவிட்டுத் திறக்கவும். இதில் எழுதப்போவதை ஈரேழு பதினான்கு உலகங்களிலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பமாட்டீர்கள் என்று உலகநாதனாகிய நான், அணைக் கண்காணிப்பு அலுவலகத்தின் கணினிப் பிரிவுச் சக்கரவர்த்தி (சம்பளப் பட்டியலில் ‘உதவியாளர், முதல்நிலை’), என் வழுக்கைமேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன்.

நோட்டு தந்தவள் அக்கா மகள் செண்பகவல்லி. “மாமா, நீங்க வாயால சொல்லுத பொய்யெல்லாம் காத்துல போயிருது. எழுதி வைங்க. லீவுல வந்து எண்ணிப் பாக்கேன்” என்றாள். எண்ணட்டும். ரெண்டு கை விரலும் ரெண்டு கால் விரலும் போதாமல் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கட்டும்.

செண்பகத்துக்காக என் ராஜ்ஜியத்தை விளக்குகிறேன். நெடும்பாறை அணை இருக்கிறது மலைமேல், இருபத்தெட்டு கிலோமீட்டரில். அங்கே ஒரு பெரிய கணினி. நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து கோடாக வரைகிற நிரல் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அந்தக் கோடு தெரிவது அடிவாரத்தில், என் மேஜைத் திரையில். சமையல் மலையில், பந்தி இங்கே. அணையின் வானொலிக் கோபுரம் வழியாக நிமிஷத்துக்கு நிமிஷம் கோடு நீளும். நான் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்பேன். ஒவ்வொரு ஜன்னலின் தலையிலும், அது எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்று பெயர் இருக்கும். “முதல்ல தலையைப் படிங்கவே, அப்புறம் உடம்பைப் பாருங்க” என்று இந்த அலுவலகம் முழுவதற்கும் பாடம் எடுத்தவன் நான்தான்.

இன்னார் இலையில் இன்னார்தான் பரிமாறலாம் என்று முறையாகச் சாவி ஏற்பாடு ஒன்று உண்டு. அதை நான் நான்கு வருடமாகக் கற்றுக்கொள்ளவில்லை. எக்ஸ்ஹோஸ்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு கூட்டல் குறி போட்டேன். யார் வேண்டுமானாலும் வந்து என் திரையில் ஜன்னல் திறந்துகொள்ளலாம் என்று அர்த்தம். உடனே கோடு வந்தது. தெருக்கதவைக் கழற்றிப் பரணில் போட்டவனுக்குச் சாவிக் கவலை ஏது?

இந்த வசதியில் பிறந்த கலைதான் ‘கண்’. ஒரு சின்ன நிரல். திரையில் இரண்டு வெள்ளை முட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. மவுஸை எங்கே நகர்த்தினாலும் பொட்டுகள் அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான். ஆனால் எதிர்பாராமல் முளைத்தால் யானையும் அலறும். மலையில் இருக்கும் வாட்ச்மேன் கொம்பையாவுக்குப் போனிலேயே இதைக் கற்றுக்கொடுத்தேன். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பான். சீட்டில் இரண்டு வரி. முதல் வரி அடித்தால் என் திரையில் கண் திறக்கும், அது ஒத்திகைக்கு. இரண்டாவது வரி புதிதாக வந்திருக்கும் பொறியாளர் பாக்கியவதி மேடத்தின் திரைக்கு.

போன வெள்ளிக்கிழமை, மேடம் தலைமைப் பொறியாளரிடம் மழைக்கணக்கு காட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வரி அரங்கேறியது. தலைமைப் பொறியாளர் நாற்காலியோடு நாலடி பின்னால் போனார். (ஓரடி. செண்பகம், எண்ணிக்கொள்.)


நவம்பர் 16, செவ்வாய்

மழை. நேற்று இரவு எங்கள் தெருவில் விழுந்த ஒரு துளியின் கனம் ஒன்றரைக் கிலோ. என் மனைவி கோமு அதைக் குடத்தில் பிடித்து ரசம் வைத்தாள்.

அலுவலகத்தில் என் மேஜைக்கு நேர்மேலே ஒழுகுகிறது. கணினிக்கு உரச்சாக்கு பிளாஸ்டிக்கைப் போர்த்திவிட்டு நான் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மலைப்பாதையில் பன்னிரண்டாவது வளைவில் மண் சரிந்துவிட்டது. தொலைபேசிக் கம்பமும் சாய்ந்து நெடும்பாறைக்குப் பேச்சு இல்லை. தீபாவளிக்கு இறங்கிய பொறியாளர் மேலே ஏறவில்லை. கொம்பையா மட்டும் அங்கே.

“ஆள் எப்படி இருக்கானோ?” என்றார் மேடம்.

“கோடு வந்துக்கிட்டே இருக்கே மேடம். கோடு வருதுன்னா ஆளு சௌக்கியம்னு அர்த்தம்” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு மேடம் ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். வெள்ளிக்கிழமைக் கூத்துக்கு விசாரணை வருகிறதாம். தன் திரையை அவர் பூட்டிவிட்டாராம். “இந்த ஆபீஸ்ல இன்னும் ஏதாவது ஒரு திரை திறந்து கிடந்தா, அந்த ஆளுக்கு சார்ஜ் மெமோ. அணையோட கம்ப்யூட்டர் இது, சினிமாக் கொட்டகை இல்ல. எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.” சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் எழுபத்தாறு நாள். முப்பத்துநாலு வருடச் சேவையில் ஒரு மெமோ வாங்கியதில்லை. (ஒன்று வாங்கியிருக்கிறேன். அது ஆட்டுக்குட்டி சம்பந்தப்பட்டது. தனிக் கதை.)

‘என் திரை முறையாகப் பூட்டப்பட்டுள்ளது’ என்று எழுதி, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். கூட்டல் குறியை எடுத்துவிடலாம் என்றுதான் நாற்காலிக்கு வந்தேன். எடுத்தால் கோடு நின்றுவிடும். கோடு நின்றால் மேடம் என் மேஜைக்கு வருவார். எடுக்கவில்லை.

மூன்று இருபதுக்குக் கோட்டின்மேல் கண்கள் திறந்தன.

தளவாயின் வேலை என்று நினைத்தேன். தளவாய் எங்கள் அலுவலக எழுத்தர். வயது முப்பது, நாக்குக்கு வயது பதினாறு. எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்று ஜன்னலின் தலையைப் பார்த்திருக்கலாம். மழை ஈரத்தில் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. ஒன்றும் தெரியவில்லை. மூடினேன்.

இரண்டு நிமிஷத்தில் மறுபடி. மூடினேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி. மூடுவதற்கு மவுஸை மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் அல்லவா? கண்கள் அதையே பார்த்துக்கொண்டு கூடவே மூலைக்கு வருகின்றன. ஆட்டைப் பிடிக்கப் போனால் ஆடு நம் கையைப் பார்க்குமே, அப்படி.

மாலைக்குள் பதினொரு முறை. கடைசியாகத் திறந்ததை மூடாமல், திரையை மட்டும் அணைத்துவிட்டு வந்தேன். கோமு கேட்ட அப்பளக் கட்டை மறந்துவிட்டேன்.


நவம்பர் 17, புதன்

காலையில் திரையைப் போட்டால் கண்கள் அங்கேயே இருக்கின்றன. ராத்திரி முழுக்க இருட்டில் விழித்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

மூடினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திறந்தது.

நான் பயந்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருமுறை மணிமுத்தாற்றில் முதலை என் வேட்டியைக் கவ்வியபோது அதனிடம் மணி கேட்டவன் நான். இருந்தாலும் இன்று உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. மவுஸ் வழுக்கியது. காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உரச்சாக்கை இழுத்துத் திரையை மூடினேன்.

பதினொன்றரைக்குத் தளவாய் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, திரும்பத் திரும்ப எதையோ மூடிக்கிட்டே இருக்கிய?”

“கொசு.”

“கம்ப்யூட்டருக்குள்ளயா?”

“மழைக்காலம்லா. எல்லா எடத்துலயும் பூந்துருது. ஏவே தளவாய், இது உன் வேலைதானே?”

“எது?”

முகத்தைப் பார்த்தேன். நடிக்கத் தெரியாத முகம். பரீட்சையில் காப்பி அடித்தால் வாத்தியார் கேட்பதற்கு முன்னால் அழுகிற முகம்.

“எதுவும் இல்ல. போய் டீ சொல்லு.”

அவன் போகாமல் திரையையே பார்த்தான். “அந்தக் கண்ணு தானே அண்ணாச்சி? எந்த மெஷின்லேர்ந்து வருதுன்னு தலையைப் பாத்தியளா?”

“கண்ணாடியில ஆவி.”

“தாங்க, தொடச்சுத் தாரேன்.”

“சவத்தை விடும்வே!” என்று கத்திவிட்டேன். இந்த அலுவலகத்தில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை. தளவாய் டீ சொல்லப் போனான்.

மத்தியானம் கண்கள் வரும் வேகம் குறைந்தது. முதலில் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. பிறகு அரைமணிக்கு ஒன்று. குறைகிறதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

இன்று பதினேழு. அப்பளக் கட்டு வாங்கினேன். நமத்திருந்தது.


நவம்பர் 18, வியாழன், காலை எட்டு மணி

சாப்பாடு இறங்கவில்லை. கோமு, “வயசான காலத்துல எவளையாவது காதலிச்சுத் தொலைச்சியளா?” என்றாள். “ஆமா, அவ கண்ணை மறக்க முடியல” என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.


அதே வியாழன், மாலை ஆறு மணி, அலுவலகம்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். பழக்கம் இல்லாத வேலை.

காலையில் நான்கு முறை மூடியிருந்தேன். பதினொரு மணிக்குக் கொம்பையாவின் மனைவி பேச்சியம்மா வந்தாள். பொட்டல்புதூரிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறாள். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகி, தலையில் சாக்கு.

“அண்ணாச்சி, மூணு நாளா அவுக சத்தமே கேக்கல. செவ்வாக்கெழம சந்தைக்கு முன்னாடி போன் வரும். வரல.”

“கம்பம் விழுந்து கெடக்கு தாயி. அவன் அங்க ராஜா மாதிரி இருக்கான். காட்டுப்பன்னிய அடிச்சு, புலிக்கு ஒரு கூறு குடுத்துட்டு, மிச்சத்தைத் தான் தின்னுக்கிட்டு இருப்பான். இங்க பாரு, கோடு. கோடு ஓடுதுல்லா? ஆளு சௌக்கியம்.”

அவள் கோட்டைப் பார்த்தாள். “இதை அவுகளா போடுதாவ?”

“இல்ல, அது... அது தானா ஓடும்.”

“அப்ப அவுக இல்லாட்டாலும் ஓடுமா அண்ணாச்சி?”

அந்தக் கேள்வியை மூன்று நாளாக இந்த அலுவலகத்தில் படித்த ஒருவரும் கேட்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் கண்கள் திறந்தன.

நான் மவுஸுக்குப் பாய்வதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பயப்படவில்லை. சிரித்தாள்.

“இதுதானா அந்தக் கண்ணு? அவுக சொன்னாவ. ‘சார் எனக்கு ஒரு மந்திரம் எழுதித் தந்திருக்காவ, நான் இங்க தட்டினா அங்க சார் முன்னால கண்ணு முழிக்கும்’னு. அந்தச் சீட்டைச் சட்டைப்பையை விட்டு எடுக்க மாட்டாவ. கம்ப்யூட்டர்ல அவுகளுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானாமே.”

பிறகு அவளே சிரிப்பை நிறுத்தினாள். “போன் இல்லன்னா, வேற எப்படி அவுக கூப்புடுவாவ?”

மேடத்தின் அறைக்கு நான் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. “கூட்டல் குறி போட்டது நான். எழுதிக் குடுத்தது பொய். கொம்பையா கூப்புடுதான்” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

“உலகநாதன் சார், போன மாசம் அணையில சிங்கம் தண்ணி குடிக்குதுன்னு சொன்னீங்க. கலெக்டர் ஆபீஸ் வரை போன் பண்ணினேன். இந்த மழையில, சரிஞ்ச மலையில, நாலு பேரை ஏத்திவிடணும்னா எனக்குக் கைல புடிக்க ஏதாவது வேணும். அந்த நிரல் தானா திறக்காதா? நீங்களே போட்டுட்டு வந்து நிக்க மாட்டீங்களா?”

நம்பமாட்டார்கள் என்று பெருமையாக எழுதிவைத்தேனே, அது இதுதான். முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த என் புளுகெல்லாம் ஒன்றுசேர்ந்து வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டன.

அப்போது ஒரு யோசனை வந்தது. இங்கேயிருந்தே மலைக் கணினிக்குள் நுழைந்து, அதன் திரையில் நான் கண்ணைத் திறந்தால்? திறந்த கண் தானாக மூடாது. அங்கே இருக்கும் ஒரு கைதான் மூட வேண்டும். மூடினால் இங்கே என் திரையில் கர்சர் அடுத்த வரிக்கு இறங்கும்.

மேடம், தளவாய், பேச்சியம்மா மூவரும் என் பின்னால் நின்றார்கள். முதலில் கொம்பையாவின் கண்களை மூடினேன். பிறகு அடித்தேன். கர்சர் நின்றது. இனி அது நகர்ந்தால் மனிதன். நகராவிட்டால் நான் கோமாளி, அல்லது அதைவிட மோசமானது ஏதோ.

ஒழுகல் தண்ணீர் உரச்சாக்கில் டப், டப் என்று விழுந்தது. இரண்டு நிமிஷம்.

கர்சர் கீழே இறங்கியது.

“எப்பலேர்ந்து வருது இது?” என்றார் மேடம்.

“இன்னைக்குக் காலைலேர்ந்து மேடம்.”

தளவாய் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

“சரி. முதல்ல ஆளு. மெமோவை நான் அப்புறம் எழுதிக்கிறேன்.” அடுத்த பத்து நிமிஷத்தில் அந்த அம்மா நான்கு இடத்துக்குப் போன் போட்டார். பன்னிரண்டரைக்கு வனக்காவலர் நால்வரும் ஒரு ஸ்ட்ரெச்சரும் ஜீப்பில் ஏறினார்கள். பன்னிரண்டாவது வளைவு வரை ஜீப், பிறகு நடை. மலைக் கணினி இருக்கும் சர்வர் அறையின் இன்னொரு சாவி இங்கேதான் இருந்தது. “நான் கொண்டு போறேன்” என்று தளவாய் ஏறிவிட்டான். அட்டை கடித்தால் மயங்கி விழுகிற பயல்.

எனக்கு வேலை ஒன்றுதான். கண்ணைத் திறப்பது, மூடுகிறானா என்று பார்ப்பது. பேச்சியம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்குத் திறந்தேன். மூன்று நிமிஷத்தில் மூடினான். “மூடிட்டாவளா?” என்றாள். “மூடிட்டான்.” ஒன்றரைக்குத் திறந்ததற்கு ஏழு நிமிஷம். இரண்டு மணிக்குப் பதினாறு. ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள், நான் சொல்வேன். நடுவில் கதை சொல்லிப் பார்த்தேன். மணிமுத்தாற்று முதலையைக் கூப்பிட்டேன். பாதியில் அது வரமாட்டேன் என்றுவிட்டது. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இறங்குமா என்று மட்டும்.

இரண்டு நாற்பதுக்குத் திறந்தேன்.

மூன்று மணி. இறங்கவில்லை.

மூன்றரை. மேடம் வந்து நின்றுவிட்டுப் போனார்.

“தூங்கியிருப்பாவ” என்றாள் பேச்சியம்மா. எனக்குத் தைரியம் சொல்கிறாள்! நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாள்.

நான்கு மணி. அங்கே மலையில், இருட்டுகிற ஓர் அறையில், என் இரண்டு கண்களும் திறந்தபடி யாருக்காகவோ விழித்துக்கொண்டிருக்கின்றன. மூட ஆளில்லை. செவ்வாய் இரவு இங்கே அவனுடைய கண்கள் இருந்த மாதிரி. சாமி பெயர் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முப்பத்து முக்கோடியில் எனக்குப் பத்தொன்பதுதான் தெரியும். ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னேன்.

ஐந்து பத்துக்குக் கர்சர் இறங்கியது.

பேச்சியம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. “மூடிட்டாவ! மூடிட்டாவ அண்ணாச்சி!”

ஐந்து இருபதுக்கு என் திரையில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி முளைத்தது. என் கூட்டல் குறியின் வழியாகத்தான் அதுவும் வந்தது. அதில் ஆங்கில எழுத்தில் தமிழ்: ஆள் இருக்கு. கால் மோசம். நாலு பேரும் தூக்கிட்டு இறங்குதோம். தளவாய்.

மேடம் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பேச்சியம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒருவர் மாற்றி ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்ததாம்.


நவம்பர் 19, வெள்ளி

லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.


நவம்பர் 22, திங்கள்

மேடம் மெமோ தரவில்லை. சாவி ஏற்பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். அரை மணி நேரம் பிடித்தது. நான்கு வருடம் நான் பயந்து ஒதுக்கிய வேலை, அரை மணி நேரம். கூட்டல் குறியை எடுத்துவிட்டேன். கோடு நிற்கவில்லை.

தளவாய் கால் முழுக்க அட்டைக்கடியோடு வந்தான். செவ்வாய் மத்தியானம் மூன்று மணிக்குக் கொம்பையா நீர்மட்ட அளவுகோல் படிக்கட்டில் வழுக்கி விழுந்திருக்கிறான். சரிந்த கல் காலில். தவழ்ந்து தவழ்ந்து சர்வர் அறைக்கு வந்து, வயரைப் பிடித்து இழுத்து, கீபோர்டையும் மவுஸையும் தரைக்கு இறக்கியிருக்கிறான். ஒரு பாக்கெட் பிஸ்கட், கூரை ஒழுகல் தண்ணீர்.

“கடைசியில அவன் மூடல அண்ணாச்சி” என்றான் தாழ்ந்த குரலில். “நாங்க கதவைத் திறக்கும்போது உங்க கண்ணு அங்க முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவன் கை மவுஸ்மேல கெடந்துச்சு, நினைவில்ல. நான்தான் மூடினேன். பேச்சியம்மாகிட்டச் சொல்லிராதிய.”

“சொல்லமாட்டேன்வே.”

அவன் குனிந்து அட்டைக்கடியைச் சொறிந்தான். “புதன்கிழமை நீங்க மூடிக்கிட்டிருந்தது...”

“அது வேற.”

“சரி அண்ணாச்சி.”

அவன் யாரிடமும் சொல்லமாட்டான். அதுதான் பெரிய பயமாக இருக்கிறது.


நவம்பர் 28, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்; பேச்சியம்மா சாதாரணமாகச் சொன்னாள், மழைக்கு என்ன செய்ய முடியும் என்ற மாதிரி.

“சார்!” என்று கொம்பையா எழுந்து உட்காரப் பார்த்தான். “படும்வே” என்றேன்.

“நான் எத்தனை தடவ கண்ணு போட்டேன் தெரியுமா சார்? கணக்கே இல்ல.”

முப்பத்துமூன்று. நான் சொல்லவில்லை.

“கீழ நீங்க மூடுனதும் எனக்கு மேல தெரிஞ்சிரும்லா. கர்சர் எறங்கிரும். ஒவ்வொரு தடவயும், ‘சார் பாத்துட்டாவ, ஆளு அனுப்பிட்டாவ, இன்னா வந்துருவாவ’ன்னு நெனச்சுக்கிடுவேன். செவ்வாக்கெழம ராத்திரியும் பொதங்கெழம ராத்திரியும் மட்டும் மூடல. ஆபீஸ் பூட்டிட்டாவ, காலைல மூடுவாவன்னு படுத்திருந்தேன். காலைல எறங்கிச்சு. அதான் சார் தெம்பு. அது இல்லன்னா மொத நாளே போய்ச் சேந்திருப்பேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டான். “செவ்வாக்கெழமயே கெளம்பிட்டாவளா சார்? பாதை ரொம்ப மோசமோ?”

பேச்சியம்மா ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அவளுக்கு நான் ‘இன்னைக்குக் காலைலேர்ந்து’ என்று சொன்னது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மவுஸ் எங்கே போகிறது என்று பார்க்கிற பார்வை.

“பாதையா?” என்றேன். “பத்து யானை குறுக்க படுத்துக் கெடந்துச்சுவே. ஒவ்வொண்ணா எழுப்பி, முகம் கழுவவிட்டு, வெத்தலை பாக்கு குடுத்து அனுப்பத்தான் ரெண்டு நாளாச்சு.”

கொம்பையா வலியோடு சிரித்தான். பேச்சியம்மா சிரிக்கவில்லை. சுளையை அவன் வாயில் வைத்தாள்.


டிசம்பர் 26, ஞாயிறு

செண்பகவல்லி வந்திருக்கிறாள். கூடத்தில் சின்னப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, “கண்ணு கதை, கண்ணு கதை” என்கின்றன. எங்கள் ஊரில் இப்போது இதுதான் என் பிரதான கதை. அதில் கொம்பையாவின் காலை முதலை கொண்டுபோகிறது; நான் முதலையோடு மல்லுக்கட்டுகிறேன்; கணினிக்குள் கைவிட்டு அவனை இழுத்து வெளியே போடுகிறேன். பிள்ளைகள் கைதட்டுகின்றன. கோமுகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

நாளைக்கு இந்த நோட்டைச் செண்பகம் கேட்பாள். பென்சில் சீவித் தயாராக வைத்திருக்கிறாள்.

செண்பகம், எண்ணிக்கொள். ஒன்றரைக் கிலோ மழைத்துளி பொய். மணிமுத்தாற்று முதலை பொய். சிங்கம் பொய். யானைகள் பத்தும் பொய். பக்கத்துக்குப் பத்து தேறும். மூக்குக் கண்ணாடியில் ஆவி என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பொய்க் கணக்கில் சேர்த்துக்கொள்.

எழுதாமல் விட்ட ஒன்று மட்டும் உண்மை. சின்ன விஷயம்தான். செவ்வாய்க்கிழமை மூன்று இருபதுக்கு என் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தபடி முதலில் ஜன்னலின் தலையைப் படித்தேன். நெடும்பாறை என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் மவுஸை மூலைக்குக் கொண்டுபோனேன்.